கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்கா, சேர்க்காததா: எந்தப் பாகத்துக்கு எது பொருந்தும்?

உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இஞ்செக்ஷன் மோல்டிங்கில் செய்யும் ஒரு பாகத்துக்கு மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. இழை சேர்க்காத நைலானில் செய்த பாகம் சுமையில் வளைகிறது. 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த கிரேடின் (குறிப்பிட்ட வகைக் கலவையின்) டேட்டா ஷீட்டை, அதாவது உற்பத்தியாளர் தரும் பண்புப் பட்டியலை, பார்த்தால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல், வலிமை இரண்டு மடங்குக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அச்சும் தயார், இயந்திரமும் தயார். மூலப்பொருளான குருணையை மட்டும் மாற்றினால் போதாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. சில பாகங்களுக்கு உண்மையிலேயே அது போதும். வேறு சிலவற்றில், முன்பு வளைந்த பாகம் இப்போது உடைகிறது, அல்லது தட்டையாக வர வேண்டிய முகம் கோணிக்கொண்டு வருகிறது. கண்ணாடி இழை பிளாஸ்டிக்கின் எல்லாப் பண்புகளையும் ஒருசேர உயர்த்துவதில்லை. சிலவற்றைத் தந்து, சிலவற்றை எடுத்துக்கொள்கிறது. தருவதையும், பெரும்பாலும் அது எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் தருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கொடுக்கல் வாங்கலை நான்கு தெரிவுகளுக்கு எடைபோட்டுப் பார்க்கிறது: இழை சேர்க்காதது, குறு இழை சேர்த்தது, நீள இழை சேர்த்தது, கண்ணாடி மணி அல்லது கனிமத் தூள் சேர்த்தது. எண்களுக்கு நைலான் 66 அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. தேவைப்படும் இடத்தில் வேறு பிளாஸ்டிக்குகளும் வரும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், பாகம் எப்படித் தோற்கும் என்பது. சுமையில் அதிகமாக வளைவது ஒரு வகைத் தோல்வி. ஒரே அடியில் உடைவது இன்னொன்று. மாதக்கணக்கில் சுமை தாங்கி மெல்ல மெல்ல உருக்குலைவது, அதாவது க்ரீப், மூன்றாவது. இவை மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. இரண்டாவது, வேலை செய்யும் இடத்தின் வெப்பமும் ஈரமும். மூன்றாவது, சுமை வரும் திசைக்கும் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும் திசைக்கும் உள்ள உறவு. டேட்டா ஷீட்டில் இடம் பெறாத இந்த ஒன்றுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. நான்காவது, அளவுத் துல்லியமும் தட்டைத்தன்மையும். ஐந்தாவது, பொருத்தும்போது பாகம் எவ்வளவு வளைந்து கொடுக்க வேண்டும் என்பது. கொக்கி போலச் சொடுக்கி மாட்டும் ஸ்னாப் ஃபிட் உள்ள பாகங்களுக்கு இதுவே முதல் அளவுகோல். கடைசியாக அச்சின் தேய்மானம், ரன்னர் கழிவை (அச்சுக்குப் போகும் வழியில் உறைந்து மிஞ்சும் பிளாஸ்டிக்கை) மறுபடி பயன்படுத்துவது போன்ற உற்பத்திக் கணக்கு.

## இழை என்ன செய்கிறது

பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ஈ-கிளாஸ் வகைக் கண்ணாடி இழையின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். உலர்ந்த நைலான் 66-இன் குணகம் 3 கிகாபாஸ்கல் அளவுதான். இழையின் விட்டம் வழக்கமாக 10 முதல் 13 மைக்ரான். சுமை நேராக இழையின் மேல் விழுவதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின் வழியாக, இரண்டும் ஒட்டியிருக்கும் பரப்பில் உரசலும் பிடிப்புமாக இழைக்குள் ஏறுகிறது. இழையின் இரு முனைகளிலும் அது சுமக்கும் தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை) பூஜ்யம். நடுவை நோக்கிப் போகப் போகக் கூடுகிறது. ஆகவே இழை தன் முழு வலிமையையும் சுமையாக ஏற்க, குறைந்தபட்ச நீளம் ஒன்று வேண்டும். இதை நெருக்கடி நீளம் என்று சொல்லலாம். இழையின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, பிடிப்பு வலிமையின் இரு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். இழை வலிமை 2000 மெகாபாஸ்கல், விட்டம் 10 மைக்ரான், பிடிப்பு 40 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் விடை 0.25 மில்லிமீட்டர்.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உற்பத்தியைப் பார்க்க வேண்டும். கலவைக்குள் போடப்படும்போது இழை 3 முதல் 4.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கலவை இயந்திரத்தின் ஸ்க்ரூ, பிறகு மோல்டிங் இயந்திரத்தின் ஸ்க்ரூ, அதன் முனைத்துளையான நாசில், அச்சின் நுழைவாயிலான கேட் என்று ஒவ்வொன்றிலும் நொறுங்கி, முடிந்த பாகத்தில் சராசரியாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. அதாவது குறு இழை கலந்த பாகத்தில் கணிசமான இழைகள் நெருக்கடி நீளத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கின்றன. சரியாக நெருக்கடி நீளத்தில் உள்ள இழை, சராசரியாகத் தன் வலிமையில் பாதியைத்தான் சுமக்கிறது. விறைப்புக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. குட்டை இழையும் விறைப்பைத் தந்துவிடும். வலிமைக்கு அதைவிட நீளம் வேண்டும். அடியைத் தாங்குவதற்கு எல்லாவற்றையும் விட நீளம் வேண்டும். குறு இழைக்கும் நீள இழைக்கும் உள்ள வேறுபாட்டின் சாரம் இந்த வரிசைதான்.

## எண்களில் ஒப்பீடு

கீழே உள்ளவை உலர்ந்த நைலான் 66-க்கான தோராய மதிப்புகள். கிரேடுக்குக் கிரேடு சற்றே மாறும்.

| பண்பு | இழை இல்லாதது | குறு இழை 30% | நீள இழை 30% | கண்ணாடி மணி 30% |
|---|---|---|---|---|
| யங் குணகம் (கிகாபாஸ்கல்) | 3 | 10 | 10 | 4 |
| இழுவலிமை (மெகாபாஸ்கல்) | 80 | 190 | 190 | 80 |
| உடையும் வரை நீட்சி | 20 சதவீதத்துக்கு மேல் | 3 சதவீதம் | 2 சதவீதம் | மிகக் குறைவு |
| அடர்த்தி (கிராம்/கன செ.மீ.) | 1.14 | 1.37 | 1.37 | 1.37 |
| 1.8 மெகாபாஸ்கல் சுமையில் வளையும் வெப்பநிலை | 70–75 டிகிரி | 250 டிகிரி | 250 டிகிரி | சிறிதளவே கூடும் |
| அச்சுச் சுருக்கம், ஓட்டத் திசை | 1.5–2% | 0.3–0.5% | குறு இழையை ஒட்டியது | இரு திசையிலும் ஏறத்தாழ ஒன்றே |
| அச்சுச் சுருக்கம், குறுக்குத் திசை | 1.5–2% | 0.9–1.1% | குறு இழையை ஒட்டியது | இரு திசையிலும் ஏறத்தாழ ஒன்றே |

எடைக் கணக்கில் 30 சதவீதம் கண்ணாடி என்பது, கனஅளவில் 16 சதவீதம்தான். அந்த 16 சதவீத இழையும் சுமையின் திசையில் முடிவில்லா நீளத்தில் படுத்திருந்தால் குணகம் 14 கிகாபாஸ்கல் வரை வர வேண்டும். அளந்தால் 10 வருகிறது. மீதி, நீளக் குறைவிலும் இழைகள் திசை பிறழ்ந்து கிடப்பதிலும் போய்விடுகிறது.

## தெரிவு 1: இழை சேர்க்காத பிளாஸ்டிக்

கண்ணாடி இல்லாத நைலானை விறைப்புக் குறைவு என்று உடனே ஒதுக்கிவிடுவது அவசரம். தட்டையான ஒரு சுவரின் வளைவு விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. குணகம் 10 உள்ள 2 மில்லிமீட்டர் சுவருக்கு ஈடாக, குணகம் 3 உள்ள பொருளில் 3 மில்லிமீட்டர் போதும். சரியான இடத்தில் ரிப் என்னும் மெல்லிய தாங்கு சுவர் வைத்தால் அவ்வளவு தடிமன்கூட வேண்டியதில்லை. ஆனால் தடிமனுக்கு விலை உண்டு. குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 2 மில்லிமீட்டரை 3 ஆக்கினால் அது இரண்டேகால் மடங்காகிறது. எடையும் பார்த்தால், அடர்த்தி குறைவாக இருந்தும் தடித்த சுவர்தான் கனமாக வரும்.

இதன் பெரிய பலவீனம் ஈரம். சாதாரணக் காற்றில் வைத்தால் நைலான் 66 ஏறத்தாழ 2.5 சதவீதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. குணகம் 3-இலிருந்து 1.5 கிகாபாஸ்கலை ஒட்டி இறங்கிவிடுகிறது. உலர்ந்த மாதிரியில் அளந்த எண்ணை நம்பி வடிவமைத்தால், சில மாதங்களில் பாதி விறைப்பு காணாமல் போயிருக்கும்.

ஸ்னாப் ஃபிட், ஒரே துண்டாக வார்த்த மெல்லிய கீல், ஸ்க்ரூ முறுக்கும்போது விரிந்து கொடுக்க வேண்டிய பாஸ் (ஸ்க்ரூ இறங்கும் குழாய் போன்ற புடைப்பு), மீண்டும் மீண்டும் அடி வாங்கும் உறை, உலோகத்தின் மேல் ஓசையின்றி உராய வேண்டிய பற்சக்கரம் ஆகியவற்றுக்கு இதுவே முதல் தெரிவு. கண்ணாடி இழை கலந்த பரப்பு, உராயும் துணைப் பாகத்தை அரித்துத் தேய்க்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## தெரிவு 2: குறு இழை சேர்த்தது

நிலையான சுமை, எஞ்சின் அருகே போன்ற வெப்பமான இடம், அளவு மாறக்கூடாத பாகம் என்று இம்மூன்றும் சேர்ந்து வரும்போது குறு இழைக்கு இணையாக விலையிலும் எளிமையிலும் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. கார் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகளும் காற்று உள்வாங்கும் மேனிஃபோல்டுகளும் இவ்வகை நைலானில் வார்க்கப்படுவது இதனால்தான். ஈரம் ஏறிய நிலையில் இதன் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது: இழை இல்லாத நைலான் 1.5-க்கு இறங்கும்போது 30 சதவீத இழை கலந்தது 7 கிகாபாஸ்கல் அளவில் நிற்கிறது. உலர்நிலையில் மூன்று மடங்காக இருந்த வேறுபாடு, ஈரத்தில் ஐந்து மடங்கை நெருங்குகிறது. க்ரீப்பும் வெகுவாகக் குறைகிறது.

வெப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். சுமையில் வளையும் வெப்பநிலை 75-இலிருந்து 250 டிகிரிக்குத் தாவுவது, நைலான் போலப் பகுதி படிகமாகும் (மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஒழுங்காக அடுக்கப்படும்) பிளாஸ்டிக்குகளில் மட்டுமே. படிகப் பகுதி உருகுநிலை வரை திடமாக இருப்பதால் இழைக்கு ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது. படிகமாகாத பாலிகார்பனேட்டில் அதே கண்ணாடி அந்த வெப்பநிலையைப் பத்து டிகிரியை ஒட்டித்தான் உயர்த்தும். கூடவே, அந்தப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கவே காரணமான அடி தாங்கும் தன்மையைப் பல மடங்கு குறைத்துவிடும்.

தாக்குவலிமையில் நிகழ்வது முதலில் குழப்பமாகத் தோன்றும். முன்கூட்டியே வெட்டுத்தடம் போட்ட மாதிரியில் சோதித்தால், இழை கலந்த நைலான் இழை இல்லாததைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலை ஏற்கிறது. வெட்டுத்தடம் இல்லாத மாதிரியில் சோதித்தால், இழை இல்லாதது உடைவதே இல்லை, இழை கலந்தது உடைந்துவிடுகிறது. காரணம் ஒன்றே. ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும் இடத்தில், இழைகள் பிளாஸ்டிக்கிலிருந்து உருவி வெளியேறும்போது ஆற்றலை விழுங்கி விரிசலை மந்தப்படுத்துகின்றன. விரிசலே இல்லாத இடத்தில், ஆயிரக்கணக்கான இழை முனைகளே விரிசலின் பிறப்பிடங்களாகின்றன. டேட்டா ஷீட்டில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இது அதிகம் அடி தாங்கும் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நிகழும் பிழை.

பிடிப்பின் பங்கைப் பாலிப்ரொப்பிலீனில் நேரடியாகக் காணலாம். அந்தப் பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் இயல்பான ஒட்டுதல் இல்லை. பிணைப்புப் பொருள் சேர்க்காத 30 சதவீத இழைக் கலவை, விறைப்பில் குறை வைக்காது, வலிமையில்தான் பின்தங்கும். மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தால் வலிமை இரு மடங்கை நெருங்கும். நைலானில் இந்த வேலையை இழையின் மேல் பூசிய சைலேன் பூச்சு செய்கிறது. ஆகவே இரண்டு கிரேடுகளில் கண்ணாடியின் சதவீதம் ஒன்றாக இருப்பதால் அவை ஒன்றே ஆகிவிடாது.

### திசையும் வெல்டு லைனும்

டேட்டா ஷீட்டின் எண்கள், ஒரு முனையில் கேட் வைத்து வார்த்த 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஐஎஸ்ஓ 527 சோதனைத் துண்டில் அளக்கப்பட்டவை. அந்தத் துண்டில் பெரும்பாலான இழைகள் நீளவாக்கில், அதாவது இழுக்கும் திசையிலேயே படுத்திருக்கின்றன. நிஜப் பாகத்தில் நிலைமை வேறு. சுவரை ஒட்டிய அடுக்குகளில் இழைகள் ஓட்டத் திசையில் கிடக்க, நடு அடுக்கில் குறுக்காகத் திரும்பிவிடுகின்றன. பாகத்தை உடைத்து, உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த அடுக்குகள் தனித்தனியாகவே தெரியும்: ஓரங்களில் இழை முனைகள் நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் அவை படுத்த கோடுகளாக ஓடுகின்றன. ஓட்டத்துக்குக் குறுக்கான திசையில் குணகமும் வலிமையும் டேட்டா ஷீட் மதிப்பில் பாதியையோ சற்றுக் கூடுதலையோதான் எட்டும்.

இதைவிடக் கடினமானது வெல்டு லைன். ஒரு துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடும் பிளாஸ்டிக், துளையின் மறுபுறம் மீண்டும் சந்திக்கும்போது இழைகள் அந்தச் சந்திப்பைத் தாண்டிப் போவதில்லை. கோட்டுக்கு இணையாகவே படுத்துவிடுகின்றன. இழை இல்லாத நைலானில் வெல்டு லைன் தன் வலிமையின் பெரும்பகுதியைத் தக்கவைக்கிறது. 30 சதவீத இழையில் பாதி அளவே மிஞ்சுகிறது. 190-இல் பாதி 95. அதாவது அந்தக் கோட்டில் பாகத்தின் வலிமை, இழையே இல்லாத நைலானின் வலிமையை நெருங்கி வந்துவிடுகிறது, ஆனால் அதன் நீட்சி அங்கே இல்லை. போல்ட் துளை உள்ள ஒரு பிராக்கெட்டில் கேட்டை எங்கே வைக்கிறோம் என்பது, கிரேடைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான முடிவாக மாறுவது இங்கேதான்.

### வெளியே தெரியாத செலவுகள்

இரு திசைகளிலும் சுருக்கம் வேறுபடுவதால் தட்டையான பாகம் கோணுகிறது. பெட்டி வடிவத்தில் மூலைகள் உள்நோக்கி மடிந்து, பக்கச் சுவர்கள் சாய்கின்றன. இழை இல்லாத கிரேடுக்கென வெட்டிய அச்சில் இழை கலந்த குருணையைப் போட்டால், சுருக்கம் குறைந்திருப்பதால் பாகம் பெரிதாக வரும். அச்சைத் திருத்தாமல் மூலப்பொருளை மட்டும் மாற்றுவது என்ற திட்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. கண்ணாடி, ஸ்க்ரூவையும் அதைச் சூழ்ந்த பேரலையும் கேட்டின் விளிம்புகளையும் அரிக்கும் என்பதால் கடினப்படுத்திய எஃகு தேவை. மேற்பரப்பில் இழைகள் வெளுப்பாகத் தெரியக்கூடும். அச்சைச் சூடாக வைத்தால் குறையும், ஆனால் சுழற்சி நேரம் கூடும். ரன்னரை அரைத்து மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் இழை மேலும் நொறுங்குகிறது.

### 15, 30, 50 சதவீதம்

15 சதவீதம் சேர்த்தால் குணகம் 6 கிகாபாஸ்கலை ஒட்டி வரும். சற்றே வளைய வேண்டிய பாகங்களுக்கு நடுவழியாக உதவும். 50 சதவீதத்தில் குணகம் 16 வரையும் வலிமை 230 மெகாபாஸ்கல் வரையும் போகும், அடர்த்தி 1.56 ஆகும். இழைகள் நெருக்கமாகும்போது ஒன்றோடொன்று மோதி மேலும் குட்டையாவதால், விறைப்பு ஏறும் வேகத்தில் வலிமை ஏறுவதில்லை. உலோகத்துக்கு மாற்றாக வரும் விறைப்பான பாகங்கள் தவிர மற்றவற்றுக்கு நான் 50-ஐப் பரிந்துரைப்பதில்லை.

## தெரிவு 3: நீள இழை சேர்த்தது

இங்கே குருணையின் நீளமும் இழையின் நீளமும் ஒன்றே, வழக்கமாக 10 முதல் 12 மில்லிமீட்டர். கவனமாக வார்த்தால் பாகத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழைகள் கணிசமாக மிஞ்சும். மேலே உள்ள அட்டவணையில் குறு இழைக்கும் இதற்கும் குணகமும் வலிமையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைப் பார்த்து, எதற்கு இந்தக் கூடுதல் விலை என்று கேட்கத் தோன்றும். பதில், அட்டவணையில் இல்லாத வரிகளில் இருக்கிறது: வெட்டுத்தடம் உள்ள மாதிரியில் தாக்குவலிமை, உயர் வெப்பத்தில் க்ரீப், திரும்பத் திரும்ப வரும் சுமையில் ஆயுள். இம்மூன்றிலும் நீள இழை முந்துகிறது. உடைந்தாலும் இழைகள் பின்னிக் கிடப்பதால் துண்டுகள் சிதறாமல் தொங்கி நிற்கும் தன்மையும் இதற்கு உண்டு.

ஆனால் அந்த நீளம் பாகம் வரை உயிரோடு வந்து சேர வேண்டும். குறுகிய கேட், சிறிய நாசில், அதிகப் பின்னழுத்தம், வேகமாகச் சுழலும் ஸ்க்ரூ ஆகிய எந்த ஒன்றும் நீள இழையைக் குறு இழையாக்கிவிடும். நீள இழைக்கான விலையைக் கொடுத்துக் குறு இழைப் பாகத்தை வாங்கியதாக முடியும். மெல்லிய சுவரும் சிறு கேட்டும் உள்ள அச்சு கையில் இருந்தால் இந்தத் தெரிவைத் தொடாமலிருப்பதே நல்லது.

## தெரிவு 4: கண்ணாடி மணியும் கனிமத் தூளும்

உருண்டைக்குத் திசை கிடையாது. அதனால் சுருக்கம் எல்லாப் பக்கமும் சமமாகி, கோணல் வெகுவாகக் குறைகிறது. விறைப்பு சிறிதே உயர்கிறது. வலிமை உயர்வதே இல்லை எனலாம். தட்டையாக இருப்பதே முதல் தேவையான மூடிகளுக்கும் அடைப்பு முகங்களுக்கும் இது பொருந்தும். விறைப்பும் தட்டைத்தன்மையும் சேர்ந்து வேண்டுமானால், இழையும் மணியும், அல்லது இழையும் கனிமமும் கலந்த கிரேடுகள் கிடைக்கின்றன. கோணல் பிரச்சினையில் சிக்கியவர்கள் அச்சை வெட்டித் திருத்தும் முன் இவற்றை ஒருமுறை முயன்று பார்ப்பது பயன் தரும்.

## எப்போது எது

பாகம் வளைவதுதான் குறை, சுமை ஓட்டத் திசையிலேயே வருகிறது, வேலை செய்யும் இடம் சூடானது என்றால் குறு இழை. பாகம் அடியில் உடைகிறது என்றால், முதலில் இழை இல்லாததையோ ரப்பர் கலந்து கடினத்தன்மை கூட்டிய கிரேடையோ பார்க்க வேண்டும்; விறைப்பும் கூடவே கட்டாயம் என்றால் மட்டுமே நீள இழை. சுமை துளையைச் சுற்றியோ, பல திசைகளில் மாறி மாறியோ வந்தால், குறு இழையின் டேட்டா ஷீட் வலிமையில் பாதியை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்; அந்தப் பாதியிலும் பாகம் தேறினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் 30-ஐ 50 ஆக்குவதைவிட, கேட்டை நகர்த்துவதும் வெல்டு லைனைச் சுமை இல்லாத இடத்துக்குத் தள்ளுவதும் மலிவான தீர்வுகள்.

தெரிவு முடிந்து பாகங்கள் வரத் தொடங்கிய பிறகும் ஒரு சோதனை உண்டு. சுமை தாங்கும் இடத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடைபோட்டு, உலையில் 600 டிகிரியை ஒட்டிச் சுட்டால் பிளாஸ்டிக் முழுவதும் எரிந்துபோய்க் கண்ணாடி மட்டும் மிஞ்சும். பல நேரங்களில் துண்டின் வடிவம் கலையாமல், தொட்டால் உதிரும் வெள்ளை வலையாக அது நிற்கும். மிஞ்சிய எடை சதவீதத்தைச் சொல்லிவிடும், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அளவுக்கு மீறி ரீகிரைண்ட் (அரைத்த ரன்னர்) போட்டாலும், ஸ்க்ரூவை முரட்டுத்தனமாக ஓட்டினாலும் கண்ணாடியின் எடை குறையாது, நீளம்தான் குறையும். மிஞ்சிய இழைகளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலைத்து நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, நீளத்தை அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலானவை 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், பையில் அச்சிட்ட கிரேடு எதுவாக இருந்தாலும், அந்தப் பாகம் டேட்டா ஷீட் சொன்ன வலிமையைத் தரப்போவதில்லை.